புதுப் பாட்டு, எட்டு ஒத்திகை: அமெச்சூர் கொயருடன் 88 பார்

எடுத்துக்கொண்டது: துணைக் கருவி இல்லாமல் நான்கு பார்ட்டில் (குரல் பிரிவில்) பாட வேண்டிய ஒரு புதிய பாட்டு. 88 பார் (தாளக் கட்டம்), ஏறக்குறைய நான்கரை நிமிடம். இதுவரை யாரும் பாடியதில்லை, பதிவும் கிடையாது. கொயரில், அதாவது கூட்டாகப் பாடும் குழுவில், 24 பேர். உயர்ந்த குரலிலிருந்து தாழ்ந்த குரல் வரை: சோப்ரானோ 9, ஆல்டோ 7, டெனர் 3, பேஸ் 5. ஸ்டாஃப் நொட்டேஷனை (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய ஸ்வரக் குறிப்பை) பார்த்துப் பாடக்கூடியவர்கள் இவர்களில் எட்டுப் பேர். வாரம் ஒரு ஒத்திகை, ஒவ்வொன்றிலும் இந்தப் பாட்டுக்கு 45 நிமிடம், எட்டு வாரம். மொத்தம் ஆறு மணி நேரம்.

பழகிய பாணியில் அமைந்த பாட்டு என்றால் நொட்டேஷன் தெரியாதவரும் பாதியைக் கேள்வி ஞானத்திலேயே பாடிவிடுவார். அடுத்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) எங்கே போகும் என்று காது முன்கூட்டியே ஊகித்துவிடும். புதுப் பாட்டில் அந்த ஊகமே காலை வாரிவிடுகிறது. ஆல்டோ தப்பான நோட்டுக்கு (ஸ்வரத்துக்கு) போகும்போது கவனித்துப் பாருங்கள்: போன இடம், பழைய பாட்டாக இருந்தால் சரியாக இருந்திருக்கும். ஆறு மணி நேரத்துக்குள் இல்லாத கேள்வி ஞானத்தை உண்டாக்கித் தர வேண்டும், அதுதான் வேலை.

முதல் ஒத்திகைக்கு முன்

நடத்துபவர் ஒவ்வொரு பார்ட்டையும் தானே முழுக்கப் பாடிப் பார்க்க வேண்டும். கீபோர்டில் வாசித்துப் பார்ப்பது போதாது. விரலுக்கு எந்தத் தாவலும் ஒன்றுதான், தொண்டைக்கு அப்படியில்லை. தனக்கே இடறுகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. இந்தப் பாட்டில் 17 புள்ளிகள் விழுந்தன. பின்னால் கொயர் இடறிய இடங்களும் பெரும்பாலும் அவையே.

அடுத்தது, எது எங்கே திரும்ப வருகிறது என்று பார்ப்பது. 1–28 மெதுவான பகுதி, 3/4 (பாருக்கு மூன்று தட்டு). 29–44 வேகமானது, 7/8 (பாருக்கு ஏழு அரைத் தட்டு). 45–60 தொடக்கத்தின் 16 பார் மறுபடியும், ஆனால் 52, 58 ஆகிய இரண்டு பார் மட்டும் வேறு. 61–71 செமிடோன் (அரை ஸ்வர) உரசல்கள். 72 ஒரு பெட்டிக்குள் எழுதப்பட்ட பார். அதில் ஒவ்வொருவரும் தன் வேகத்தில் ஏறக்குறைய 20 விநாடி பாட வேண்டும். 73–88 முடிவு, டி-யை ஸட்ஜமமாகக் கொண்ட டி மேஜர் கார்டில் வந்து அமர்கிறது (ஏ முதல் ஜி வரை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்). 14 பார் திரும்ப வருவதால் கற்க வேண்டியது 74 பார்தான். இதை முதல் நாளே கொயரிடம் சொல்லிவிட்டால், தாளைப் புரட்டி மலைத்துப்போனவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

மூன்றாவது வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் ஒரு பார்ட் உள்ளே வரும்போது முதல் நோட்டை எங்கிருந்து எடுப்பது? இந்தப் பாட்டில் 31 நுழைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலம் தேடினோம். தன் பார்ட்டின் கடைசி நோட்டாக இருக்கலாம், இன்னொரு பார்ட் அப்போதுதான் பாடிய அதே நோட்டாக இருக்கலாம், அதன் மேல் கீழ் ஸ்தாயியாக இருக்கலாம், ஒரு படி தள்ளியும் இருக்கலாம். பார் 23இல் டெனர் எஃப்-இல் நுழைய வேண்டும். அதே எஃப்-ஐ ஆல்டோ பார் 22இன் கடைசித் தட்டில் பாடி முடிக்கிறது. ஆல்டோவின் அந்த நோட்டைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து டெனர் வரிக்கு ஓர் அம்பு. இப்படி 26 நுழைவுகளுக்கு மூலம் கிடைத்தது. மீதி ஐந்துக்கு எதுவும் இல்லை. அவற்றுக்கான பயிற்சி கீழே வருகிறது.

இந்த வட்டமும் அம்பும் போட்ட ஸ்கோரையே, அதாவது எல்லா பார்ட்டும் உள்ள தாளையே, எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். தன் பார்ட் மட்டும் அச்சிட்ட தாள் உதவாது. மற்றவர்கள் வரி கண்ணில் படாவிட்டால் நோட்டைத் தேடும் இடமே தெரியாது. பார் எண் ஒவ்வொரு பாருக்கும் இருக்கட்டும். “இரண்டாம் வரி, மூன்றாவது... இல்லை, அடுத்தது” என்று இடம் காட்டுவதிலேயே ஒத்திகைக்கு ஐந்து நிமிடம் வீணாகும். புதிய படைப்பு என்பதால் உரிமை இயற்றியவரிடமோ பதிப்பாளரிடமோ இருக்கும். 24 பிரதிக்கு அனுமதி வாங்கிய பிறகே நகலெடுக்கலாம்.

பயிற்சி ஒலிப்பதிவுகள்

மியூஸ்ஸ்கோர் என்ற நொட்டேஷன் மென்பொருளில் ஸ்கோரை ஏற்றினால் மிக்சரில் ஒவ்வொரு பார்ட்டின் ஒலி அளவையும் தனித்தனியே மாற்றலாம். ஒவ்வொரு பார்ட்டுக்கும் இரண்டு கோப்புகள் செய்தோம். ஒன்று முக்கால் வேகத்தில், தன் பார்ட் இடது காதில், மற்ற மூன்றும் வலது காதில் மெதுவாக. இன்னொன்று முழு வேகத்தில், தன் பார்ட் இல்லாமல். இரண்டாவது கோப்புதான் உண்மையான சோதனை. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் தொடங்கும் நோட்டு, பிறகு இரண்டு பார் எண்ணிக்கை.

ஒலிக்குப் பியானோ போதும். “ஆ” என்று பாடும் செயற்கைக் குரல் ஒலியைத் தவிர்க்கவும். அதில் நோட்டின் தொடக்கம் மழுங்கியிருக்கும், அதிர்வும் கலந்திருப்பதால் சுருதி எங்கே நிற்கிறது என்று காதுக்குப் பிடிபடாது. டெனர் வரியில் இன்னொரு சிக்கல். அது ட்ரெபிள் கிளெஃப் என்ற உயர்ந்த ஸ்தாயிக் குறியில், கீழே சிறிய 8 எண்ணுடன் எழுதப்படும். ஒலிப்பது ஒரு ஸ்தாயி கீழே. ஸ்கோரை ஏற்றும்போது அந்த 8 விட்டுப்போனால் கோப்பு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். டெனர்கள் அதைப் பின்பற்றிப் பொய்க்குரலில் பழகிக்கொண்டு வருவார்கள். கோப்பை அனுப்பும் முன் முதல் நோட்டைக் கீபோர்டில் சரிபார்த்துவிடுவது நல்லது.

மூன்றே டெனர்கள் என்பதால் தாழ்ந்த குரல் ஆல்டோ இருவரை 61–71இல் டெனர் வரிக்கு மாற்றினோம். அவர்கள் எழுதியபடி படிக்காமல், ஒலிக்கும் உயரத்தில், அதாவது எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும். கீபோர்டின் நடு சி-க்குக் கீழ் நான்கு ஸ்வரம் வரை சிரமமில்லை. அதற்கும் கீழே போகும் இரண்டு பாரில் அவர்கள் ஓய்வு.

முதல் வாரம்: முடிவிலிருந்து

தொடங்கியது 73–88இல். முடிவு தெரிந்த கொயர் பாடப் பாட உறுதியான இடத்தை நோக்கிப் போகும். முதலிலிருந்தே தொடங்கிக்கொண்டிருந்தால் 1–20 நூறு தடவையும் முடிவு பத்துத் தடவையும் பாடப்பட்டிருக்கும். மேடையில் பாட்டு போகப் போகத் தளர்ந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அதற்கு முன் மென்பொருள் வாசிப்பை இரண்டு முறை முழுக்கப் போட்டுக் காட்டினோம், எல்லோரும் ஸ்கோரில் விரல் வைத்துப் பின்தொடர. இதைக் கேட்டால் இயந்திரத்தனம் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் தவிர்ப்பார்கள். எட்டுப் பேர்தான் நொட்டேஷன் படிப்பார்கள் என்ற நிலையில் அந்தக் கவலையை இரண்டு மாதம் தள்ளிப்போடலாம்.

பிறகு சொற்கள். ஸ்வரம் இல்லாமல், தாளத்தில் பேசுவது மட்டும். தமிழ்ப் பாட்டில் இந்தக் கட்டத்தில் நிறையப் பிடிபடும். பார் 12இல் “மலை” என்ற சொல்லின் “ம” ஒன்றரைத் தட்டும் “லை” அரைத் தட்டும் வந்தன. பேசிப் பார்த்ததும் எல்லோர் காதிலும் “மாலை” என்று விழுந்தது. குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடுகிறது. எவ்வளவு அழகாகப் பாடினாலும் தீராது. இயற்றியவரைக் கேட்டு நீளத்தை “லை”க்கு மாற்றிக்கொண்டோம். புதுப் பாட்டின் பெரிய வசதி, கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்பது. ஆனால் சந்தேகங்களை உதிரி உதிரியாகக் கேட்காமல் பார் எண்ணோடு ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும்.

“காற்று”, “விளக்கு” போன்ற சொற்கள் நீண்ட நோட்டில் முடியும்போது குற்றியலுகரம் “ஊ” ஆகிவிடும். உதடு குவிந்து, ஒலி குகைக்குள் போனதுபோல இருண்டு, சுருதியும் கொஞ்சம் தொய்யும். உதட்டைக் குவிக்காமல், பேச்சில் சொல்லும் அதே தளர்ந்த உகரத்தைப் பிடித்து நிறுத்தச் சொன்னால் கார்டு உடனே தெளிகிறது. சொல்லின் முதலில் வரும் “ச” இன்னொன்று. பாதிப் பேர் “ச்ச” என்று தட்டுவார்கள், பாதிப் பேர் “ஸ” என்று சீறுவார்கள். எதுவானாலும் சரி, ஒன்றை முடிவு செய்து எழுதிக்கொள்ள வேண்டும். சொல் முடிவின் “ம்”, “ன்” எல்லாம் அடுத்த ஓய்வுத் தட்டின் மேல் வைக்கப்படும் என்பதும் பென்சிலில் ஏறட்டும்.

இரண்டாம் வாரம்: 7/8

இந்தப் பாட்டின் 7/8, 2+2+3 ஆகப் பிரிகிறது. “ஒன் டூ, ஒன் டூ, ஒன் டூ த்ரீ” என்று எண்ணச் சொன்னால் மூன்றாம் பாரிலேயே குழப்பம். “தக தக தகிட” என்றால் பத்து நிமிடத்தில் நாக்கில் ஏறிவிடுகிறது. ஓர் அசைக்கு ஒரு க்வேவர் (அரைத் தட்டு), எண்ணவே தேவையில்லை. கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளத்தில் பழகியவர்கள் 3+4 ஆக, “தகிட தகதிமி” என்று அழுத்தம் வைப்பார்கள். மொத்தம் ஏழுதான், ஆனால் அழுத்தம் விழும் இடம் வேறு. அவர்களை முதலிலேயே இனங்கண்டு திருத்த வேண்டும்.

இரண்டு தப்பு திரும்பத் திரும்ப வரும். ஒன்று, பாரின் முடிவில் மூச்சு எடுத்து ஏழை எட்டாக்குவது. இதற்கு மூச்சு எந்த பாரில், எந்த அசையை விட்டுவிட்டு எடுப்பது என்று குறித்துவிட வேண்டும். அசையை விடலாம், தட்டைத் திருடக் கூடாது. இரண்டாவது, “தகிட”வின் மூன்றையும் இரண்டின் நேரத்துக்குள் அடைத்து ட்ரிப்லெட் ஆக்குவது. இது காதுக்கு உருண்டையாக, இனிமையாகவே கேட்கும் என்பதால் பாடுபவருக்குத் தப்பென்றே தெரியாது. மெட்ரோனோமை (சீராகத் தட்டும் கருவியை) க்வேவரில் ஓடவிட்டால்தான் வெளிப்படும்.

நிமிடத்துக்கு 120 க்வேவரில் தொடங்கினோம். ஒரு பார் மூன்றரை விநாடி. வலது கை “தக”, “தக”, “தகிட” மூன்றின் முதல் அசையில் மட்டும் தொடையில் தட்டும். தொடர்ந்து மூன்று முறை பிசகாமல் வந்தால் 140, பிறகு 160, 180. இலக்கு 210, அதில் ஒரு பார் இரண்டு விநாடி. 180 வரை அன்றே வந்தது. மீதி அடுத்த வாரம். சொற்கட்டு உறுதியான பிறகுதான் பாட்டின் சொற்கள், அதன் பிறகுதான் ஸ்வரம். பார் 45இல் 3/4க்குத் திரும்பும்போது நடத்துபவரின் கை மாறும். கொயர் மனத்துக்குள் ஒரு முறை “தக தக தக” என்று க்வேவரிலேயே ஓட்டினால் புதிய வேகம் பிடிபடும்.

மூன்றாம் வாரம்: உரசும் செமிடோன்

பார் 61இல் ஆல்டோ ஏ-யைப் பிடித்திருக்க, சோப்ரானோ அதற்கு அரை ஸ்வரம் மேலே, பி ஃபிளாட்டில் நுழைகிறது. ஏ 440 ஹெர்ட்ஸ், பி ஃபிளாட் 466. இந்த 26 ஹெர்ட்ஸ் வித்தியாசம்தான் காதில் கரகரவென்று கேட்கிறது. பழக்கமில்லாதவருக்கு அது “நாம் தப்பாகப் பாடுகிறோம்” என்ற அறிகுறி. உடனே ஒரு பார்ட் மற்றதை நோக்கிச் சரியும். எங்கள் கொயரில் சரிந்தது ஆல்டோ, மேல் குரல் எப்போதும் பலமாகக் கேட்பதால்.

செய்தது இது. இரண்டு பார்ட்டும் ஏ-யில் ஒன்றாக நிற்கும், “ம்” என்று வாய்மூடி. ஆல்டோ அசையாது. கைசாடை கிடைத்ததும் சோப்ரானோ மட்டும் பி ஃபிளாட்டுக்கு ஏறி, எட்டு எண்ணும்வரை அங்கே நின்று, திரும்ப ஏ-க்கு வரும். நான்கு முறை. பிறகு ஆல்டோ கீழே ஜி ஷார்ப்புக்கு இறங்கி ஏறும், சோப்ரானோ அசையாது. கரகரப்பு தன் கட்டுப்பாட்டில் வந்து போவதைக் கேட்ட பிறகு பயம் விட்டுவிடும். “இந்த இடத்தில் அந்த உறுமல் கேட்டால்தான் சரி” என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதன் பின் ஒன்றாகத் தொடங்காமல் நேரே நுழைவது. அடுத்த மூன்று வாரமும் இதே பயிற்சியை வார்ம்-அப்பில் வைத்தோம். தனி நேரம் ஒதுக்கத் தேவைப்படவில்லை.

45–60ஐ 1–16க்கு முன்னாலேயே கற்றுக்கொடுத்தோம். முதல் வடிவம் நன்றாக ஊறிய பிறகு 52, 58ஐ மாற்றுவது மிகக் கடினம், வாய் பழைய வழியிலேயே போகும். மாற்றப்பட்ட வடிவம் முதலில் வந்தால் இரண்டும் தனித்தனியாக நினைவில் நிற்கின்றன.

மூலம் இல்லாத அந்த ஐந்து நுழைவுகளுக்கு: பாடிக்கொண்டிருக்கும்போது எந்த பாரிலும் திடீரென்று நிறுத்தி, “டி” என்று கேட்பது. எல்லோரும் டி-யை வாய்மூடிப் பாட வேண்டும், கீபோர்டில் சரிபார்ப்பது. ஆதார ஸட்ஜமம் மனத்தில் அறுபடாமல் ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். முதல் நாள் நான்கு விதமான டி வந்தது. ஒத்திகைக்கு ஐந்தாறு முறை இப்படிச் செய்ததில் ஐந்தாம் வாரம் ஒரே டி. அதன் பிறகு பார் 36இல் டெனர் ஈ ஃபிளாட்டைத் தேடவில்லை. டி-க்கு அரை ஸ்வரம் மேலே இருக்கிறது என்று தெரியும்.

நான்காம் வாரம்: சுருதி எங்கே ஒழுகுகிறது

முதல் இரண்டு வாரம் கீபோர்டு எல்லா நோட்டையும் வாசித்தது. மூன்றாம் வாரம் நுழைவு நோட்டுகளை மட்டும். இந்த வாரம் முதல் கார்டு கொடுத்ததோடு சரி. முழுப் பாட்டையும் பாடிப் பதிவு செய்து டியூனர் ஆப்பில் அளந்ததில் முடிவுக் கார்டு 55 சென்ட் கீழே இருந்தது (ஒரு செமிடோன் 100 சென்ட்), அரை செமிடோனுக்கும் மேல்.

“சுருதி இறங்குது, ஏத்திப் பாடுங்க” என்று சொல்வதால் பயனில்லை. தொண்டை இறுகும், ஒலி கூர்மையாகும், சுருதி அடுத்த பக்கத்தில் மறுபடி இறங்கும். எங்கே இறங்குகிறது என்று அளக்க வேண்டும். பகுதி பகுதியாகப் பார்த்ததில் 1–28இல் 20, 29–44இல் ஒன்றுமில்லை, 45–60இல் 15, 61–72இல் 5, 73–88இல் 15. வேகமான 7/8இல் துளியும் இறங்காதது கவனிக்க வேண்டியது: அங்கே மூச்சின் அழுத்தம் ஓயாமல் இருக்கிறது.

1–28க்குள் தோண்டியதில் இரண்டு ஓட்டைகள். பார் 9–14இல் சோப்ரானோ ஒரே ஏ-யைப் பதினொரு முறை பாடுகிறது. ஒவ்வொரு மெய்யெழுத்துக்குப் பின்னும் குரல் மயிரிழை கீழே இறங்கி ஒட்டுகிறது. மெய்யை எடுத்துவிட்டு “ஓ” என்று ஒரே இழையில் பாடவைத்து, பிறகு அந்த இழை அறுபடாமல் சொற்களைச் சேர்த்தோம். இன்னொன்று பேஸ்: டி, சி, பி ஃபிளாட், ஏ என்று இறங்கும் படிகள். இறங்கும்போது படியை அகலமாக வைப்பது அமெச்சூர் குரலின் இயல்பு. முதலில் ஏ-யிலிருந்து டி வரை ஏறி, ஏறிய அதே படிகளில் இறங்குவதாகப் பயிற்சி. பின்னணியில் தம்புரா ஆப்பில் டி. அகலமாக இறங்கினால் கடைசி ஏ தம்புராவோடு சேராமல் அலையும், அவர்களுக்கே கேட்கும்.

முடிவுக் கார்டில் எஃப் ஷார்ப் ஆல்டோவிடம் இருக்கிறது. கீபோர்டின் எஃப் ஷார்ப் டி-யிலிருந்து 400 சென்ட். குரல்கள் தாமாகச் சேரும் அந்தர காந்தாரம் 5:4 விகிதத்தில் 386. பதினான்கு சென்ட் குறைவு. இதுவரை கீபோர்டோடு பழகிய ஆல்டோ சற்று மேலேயே நின்றது. பேஸும் சோப்ரானோவும் டி பிடித்து, டெனர் ஏ சேர்த்து, அந்தப் பஞ்சமம் அலையாமல் நின்ற பிறகு கடைசியாக ஆல்டோவை மெல்ல உள்ளே விட்டோம். சரியான இடத்தில் வந்ததும் சலசலப்பு நின்று கார்டு விரிந்ததுபோல் இருந்தது. ஏழு பேரும் பாதிக் குரலில் பாடினாலே போதும். ஆல்டோ இறங்குவதைக் கேட்டு பேஸ் கூடவே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் வாரம் அளந்தபோது மொத்தச் சரிவு 20 சென்ட். எல்லோரும் ஒன்றாக இறங்கும் இருபதைக் கேட்பவர் உணரமாட்டார். அதைத் துரத்துவதை அங்கேயே நிறுத்தினோம்.

ஐந்து, ஆறு, ஏழு

பார் 72இன் பெட்டியில் மூன்று நோட்டு: ஏ, பி ஃபிளாட், ஜி. பேஸ் டி-யில் நிற்க, மற்ற 19 பேர் அவரவர் வேகத்தில் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். சுலபம் என்று தோன்றும். ஆனால் சேர்ந்து பாடியே பழகியவர்கள் பத்து விநாடிக்குள் தம்மை அறியாமல் ஒரே வேகத்துக்கு வந்துவிடுவார்கள். மேகமாக இருக்க வேண்டியது அணிவகுப்பாகிவிடும். ஒவ்வொருவரும் ஒரு மூச்சுக்கு ஒரு முறை மட்டும் பாடி, அடுத்த மூச்சை நிதானமாக எடுப்பது என்று விதி வைத்தால் தீரும். மூச்சின் நீளம் ஆளுக்கு ஆள் வேறு. தொடக்கத்தில் பக்கத்தில் இருப்பவர் தொடங்கிய பிறகே தான் தொடங்குவது. வெளியேற நடத்துபவரின் இடது கை மூடும். பாதியில் இருக்கும் வரியை முடித்துவிட்டு நிறுத்துவது, வெட்டக் கூடாது.

டெனர் மூவருக்கும் மூச்சு முறை: நீண்ட நோட்டில் முதலாமவர் மூன்றாம் தட்டில், இரண்டாமவர் ஐந்தில், மூன்றாமவர் ஏழில். ஒலியைக் குறைத்து விலகி, மெய் இல்லாமல் உயிரில் மட்டும் மெதுவாகச் சேர வேண்டும். பார் கோட்டில் யாரும் மூச்செடுக்கக் கூடாது, எல்லோரும் அங்கேதான் ஆசைப்படுவார்கள்.

ஐந்தாம் வாரம் வட்டமாக நின்று, ஆறாம் வாரம் பார்ட் கலந்து, பக்கத்தில் தன் பார்ட்காரர் இல்லாமல். கலந்து நின்றபோது பார் 52இல் இரண்டு ஆல்டோ தொடக்கத்தின் வடிவத்தையே பாடியது தெரிந்தது. கூட்டத்துக்குள் அது மறைந்திருந்தது. ஏழாம் வாரம் பாடப்போகும் அரங்கிலேயே. அங்கே எதிரொலி நீளம், 7/8இல் சொற்கள் குழம்பின. 210ஐ 192 ஆக்கி, மெய்களை இன்னும் முன்னால் தள்ளினோம்.

எட்டாம் வாரம்

புதிதாக எதுவும் திருத்தவில்லை. ஒரு முறை முழுக்க, பிறகு நுழைவுகள் 31ஐயும் தனித்தனியே, மூல நோட்டும் நுழைவும் மட்டும். அதற்குப் பன்னிரண்டு நிமிடம். மீதி நேரம் தொடக்கத்துக்கு. நடத்துபவர் டியூனிங் ஃபோர்க்கில் ஏ 440 எடுத்து, அதிலிருந்து ஐந்தாம் ஸ்வரம் கீழே இறங்கி டி-யை வாய்மூடிப் பாடுவார். பேஸ் அதை ஒரு ஸ்தாயி கீழே பிடிக்கும், டெனர் ஏ, கடைசியாக ஆல்டோவும் சோப்ரானோவும். எல்லாம் காதோடு காதாக. கார்டு நின்றதும் ஒலியை நிறுத்தி, மூன்று விநாடி அமைதியில் அதை மனத்துக்குள் பிடித்திருந்து, கை எழும்போது எல்லோரும் ஒரே மூச்சை, முதல் சொல்லின் உயிரெழுத்து வடிவில் வாயைத் திறந்தபடி எடுக்க வேண்டும். இதை மட்டும் பத்து முறை.